நாய் வாங்கலாமா என்று அத்தையைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்

எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. தெருவில் எந்த நாயைப் பார்த்தாலும் என் கையை உதறிவிட்டு அதனிடம் ஓடப் பார்ப்பாள். "அம்மா, நமக்கும் ஒரு நாய்" என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பாவுக்கும் ஆசை. சென்னையில் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர், எந்த ஹவுஸ் ஓனரும் நாய்க்குச் சம்மதிக்கவில்லையாம். இப்போது திருச்சியில் சொந்த ஃபிளாட், இரண்டாவது மாடி. வீட்டில் ஒற்றைப் பிள்ளை. "அவளுக்கு ஒரு துணையா இருக்கும்ல" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தோம். என் வயதுத் தோழிகள் நாலைந்து பேர் இதே யோசனையில் இருப்பதால், அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நாயோடு வளர்ந்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் நாய் பெயர் மணி. சிப்பிப்பாறைக் கலப்பு, ஒல்லியாக, கால் நீளமாக இருக்கும். ராத்திரி மிஞ்சிய சோற்றில் கொஞ்சம் மோர் ஊற்றி வைப்பார்கள், அதுதான் அதன் சாப்பாடு. ஊசி, டாக்டர் எதுவும் கிடையாது. திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும், அப்பா வயலுக்குக் கிளம்பினால் கூடவே போகும்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது சித்தப்பா மகனை அது கன்னத்தில் கடித்தது. அவனுக்கு அப்போது நாலு வயது. மதியத் தூக்கத்தில் இருந்த மணியின் முதுகில் குதிரை ஏறி உட்கார்ந்தான். அதற்கு முன்பும் பல நாள் அப்படி ஏறியிருக்கிறான். நாங்கள் எல்லோரும் பார்த்துக் கைதட்டிச் சிரித்திருக்கிறோம். அப்போதெல்லாம் மணி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடும். அன்றைக்குச் சுவரோரமாகப் படுத்திருந்தது. எழுந்து போக அதற்கு வழியில்லை. இது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு யாருக்கும் புரியவில்லை. மறுநாள் காலையில் மணியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் கிருஷ்ணன்கோவில் தாண்டி எங்கேயோ இறக்கிவிட்டு வந்துவிட்டார்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் கடிபட்ட நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று தெரிந்துவிடும். நாயையே தொலைத்துவிட்ட பிறகு எதைக் கவனிப்பது? அந்தப் பையனுக்குத் தொப்புளைச் சுற்றி முழுவதுமாக ஊசி போட்டார்கள், தினமும் ஒன்று. செம்மறியாட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த அந்தக் காலத்து மருந்து. நம் நாட்டில் அதை 2004ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். ஊசி போட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சித்தி மடியில் அவன் சுருண்டு கிடந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மணியும்தான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் நாய் வேண்டும் என்றுதான் நினைத்தேன். படித்திருக்கிறோம், ஊசி போட்டு ஒழுங்காக வளர்ப்போம் என்ற தைரியம்.

அந்த நேரத்தில் மதுரையில் இருக்கும் என் அண்ணன் வேலை விஷயமாகப் பன்னிரண்டு நாள் டெல்லி போக வேண்டியிருந்தது. அவனுடைய ஜிம்மியை எங்கள் வீட்டில் விட்டுப்போனான். ஆறு வயது நாட்டு நாய், தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது. ஊசியெல்லாம் முறையாகப் போட்டிருந்தான். அது குரைத்தே நான் இரண்டு மூன்று முறைதான் கேட்டிருப்பேன். நல்லதாகப் போயிற்று, ஒரு ஒத்திகை பார்த்ததுபோல இருக்கும் என்றோம்.

முதல் மூன்று நாள் மகள் தரையிலேயே நடக்கவில்லை, மிதந்தாள். நாலாம் நாள் சாயங்காலம் நான் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறேன். ஜிம்மி பால்கனி வாசலில் படுத்து ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. கையில் பிஸ்கட்டோடு போன மகள் பின்பக்கமாக அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அதனால்தான் நான் திரும்பினேன். ஜிம்மியின் வாய் மூடியிருந்தது. வால் அசையவில்லை. உடம்பு முழுக்கக் கட்டைபோல ஆகிவிட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து மகளைப் பார்த்தது. கண்ணோரத்தில் வெள்ளை, பிறை மாதிரி. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. அவ்வளவு அமைதி.

கத்தக்கூடாது என்று அந்த நேரத்தில் எப்படியோ தோன்றியது. அலமாரியில் இருந்த ரஸ்க் பாக்கெட்டைக் கசக்கிச் சத்தம் எழுப்பி "ஜிம்மி, வா" என்றேன். எழுந்து வந்தது. எதுவும் நடக்கவில்லை. தோசை கருகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹாலில் இருந்த அத்தை, அதாவது என் மாமியார், "அது ஒண்ணும் பண்ணாதும்மா, குழந்தைன்னு அதுக்குத் தெரியும்" என்றார். நாம் எல்லோரும் சொல்வது இதுதான். மணியைப் பற்றி என் பாட்டியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாய்க்குக் குழந்தை என்று தெரியும், சரி. எலும்பு தன்னுடையது என்றும் அதற்குத் தெரியும். உறுமுவது கடைசி எச்சரிக்கை. அதற்கு முன்பே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அப்புறம் அப்படியே உறைந்துபோகும். இதையெல்லாம் பெரியவர்களே கவனிப்பதில்லை, மூன்று வயதுப் பிள்ளை எங்கே கவனிக்கும்? கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்குக் கழுத்தை இறுக்கிப் பிடிப்பதுபோலத்தான் இருக்கும். சின்னக் குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் வீட்டு நாய் அல்லது தெரிந்தவர்கள் வீட்டு நாய். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருக்கும் உயரம் என்பதால் கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், 23 வகை நாய்களுக்குத் தடை கேட்டு மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அதைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்திருந்தது. அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் எந்த ஜாதி நாய் ஆபத்து, எது சாது என்ற பேச்சுதான். ஜாதி முக்கியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நாய், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம், ஓடுவதற்குத் தோட்டம் வேண்டும். அந்த வெள்ளை நிறத்தோடு சிலவற்றுக்குப் பிறவியிலேயே காதும் கேட்காமல் போகிறது. பின்னாலிருந்து பிள்ளை ஓடிவந்து தொட்டால் திடுக்கிட்டுத்தான் திரும்பும். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அதை அடைப்பது பாவம். நம் ஊர் வெயிலில் ஹஸ்கி வளர்ப்பவர்களைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் ஜிம்மி எந்தப் பட்டியலிலும் இல்லாத சாதுவான நாட்டு நாய். அந்தச் சாயங்காலத்தில் என் மகளைக் காப்பாற்றியது அதன் ஜாதி இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி இவரிடம் சொன்னேன். "அப்ப குட்டியா வாங்கிடலாம், அவளோடயே வளரும்" என்றார். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குக் குட்டிதான் சுலபம் என்பது தப்பு என்பேன். குட்டிக்கு மூன்று நாலு மாதத்தில் பல் விழுந்து முளைக்கத் தொடங்கும், ஏழு மாதம் வரைக்கும் கண்டதையெல்லாம் கடிக்கும். பிள்ளையின் விரலும் அதற்கு ஒரு பொம்மைதான். வெறிநோய்த் தடுப்பூசியே மூன்று மாதத்தில்தான் போடுவார்கள். அதுவரை பார்வோ, டிஸ்டம்பர் என்ற நாய் நோய்களுக்கான ஊசிகள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பூச்சி மருந்து. குட்டியின் மலத்தில் இருக்கும் புழு முட்டை, கையை வாயில் வைக்கும் குழந்தைக்குப் போகும். நம் சட்டப்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கி விழுகிற அந்த ஒரு கைப்பிடிக் குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகியிருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்?

சிராய்ப்பு விஷயம் எனக்கு இதைவிடப் பயம். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட பிழைக்கவே முடியாது. வருவதற்கு முன் தடுப்பது மட்டும் முழுக்க நம் கையில். பல் பட்டால், நகம் கீறினால்கூட, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போது ஊசி தோளில்தான். முதல் ஊசி போட்ட பிறகு மூன்று நாள், ஏழு நாள், இருபத்தெட்டு நாள் கழித்து என்று மொத்தம் நாலு முறை. ரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் உண்டு. ஆனால் திட்டுவார்களோ என்று மூன்று வயதுப் பிள்ளை கீறலை மறைத்துவிட்டால்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

பக்கத்தில் இருப்பது யார் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வர ஆறு மணி. இவர் வர எட்டு. மகளின் பிளே ஸ்கூல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. அதன்பிறகு ஆறு மணி வரை வீட்டில் இருப்பது அத்தை மட்டும். அறுபத்து நாலு வயது, முழங்கால் வலி, சர்க்கரை. ஆறு மாதமாக நாங்கள் லேப்ரடாரா, பீகிளா, நாட்டு நாயா என்று பேசியிருக்கிறோம். சாப்பாட்டுச் செலவு, டாக்டர் செலவு கணக்குப் போட்டிருக்கிறோம். நாய் வளர்ந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று 2015இல் ஸ்வீடனில் வந்த ஆய்வைக்கூட இவர் எனக்கு அனுப்பினார். அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுதும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது. பூஜை அறை, முடி என்று ஏதாவது சொல்லி மறுத்துவிடுவார் என்று நாங்களே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

பதினோராம் நாள்தான் கேட்டேன். பூஜை அறையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜிம்மியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாய் நல்ல நாய்தான் கண்ணு. நான் ஒண்ணைப் பாத்துக்குவேன். ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்க என் கண்ணு போதாது. பாத்ரூம் போறப்ப இவளையும் கூட்டிக்கிட்டுதான் போறேன், பத்து நாளா."

பத்து நாளாக. "ஒண்ணும் பண்ணாது" என்று எனக்குத் தைரியம் சொன்னவர், ஒரு நிமிடம்கூட இரண்டையும் தனியாக விட்டதில்லை. ஐந்தாறு வயது ஆகும்வரை குழந்தையையும் நாயையும் பெரியவர்கள் கண் படாத இடத்தில் விடக்கூடாது என்று நான் எங்கெங்கோ படித்துக்கொண்டிருந்தேன். அதை ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

நாய் வாங்க நினைக்கும் பெற்றோரிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். குழந்தை கேட்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். பிள்ளைக்குப் பொறுப்பு வரும் என்பதற்காகவும் வேண்டாம். மூன்று வயதில் வைக்கிற பொறுப்பு முழுக்க வேறொருவர் தலையில்தான் விழும், பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் பாட்டி. நாய் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருக்கும். இன்று வந்தால் என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போது அது கிழமாகி, மருந்து மாத்திரையில் இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் ரயிலில் முதல் வகுப்பு ஏசி கூப்பே, அல்லது கார்டு வேனில் உள்ள பெட்டி. தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானப்படுத்த ஆள் வேண்டும். எங்கள் பிளாக்கிலேயே பிறந்தநாளுக்கு வந்த ஒரு லேப் குட்டி ஏழே மாதத்தில் கை மாறியது. யாரோ பண்ணை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த வீட்டுப் பையன் இரண்டு வாரம் கீழே விளையாட வரவில்லை.

பகல் முழுக்க வீட்டில் ஒரு பெரியவர் இருந்து, அவரே மனசார "சரி" என்றால், தாராளமாக வளர்த்துங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாய் தனியாக இருக்க ஓர் இடம், நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தடுப்புக் கதவு இருக்கட்டும். நாயோடு வளரும் பிள்ளைக்குக் கிடைப்பது பெரிய பாக்கியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணி எனக்குக் கொடுத்ததை நான் வேறு யாரிடமும் வாங்கவில்லை. அதனால்தான் இன்னொரு மணியை டிராக்டரில் ஏற்ற நான் தயாராக இல்லை.

ஜிம்மி கிளம்பும்போது மகள் அழுதாள். இப்போது சாயங்காலம் எங்கள் கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும், கருத்தடை செய்து காதில் வெட்டு அடையாளம் போட்ட தெரு நாய்க்கு என் கையைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் வைக்கிறாள். சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது என்று அவளே எனக்குச் சொல்கிறாள்.

நேற்று சாப்பிடும்போது அத்தையே பேச்சை எடுத்தார். "ஒண்ணாங்கிளாஸ் போகட்டும். அப்புறம் என்னைக் கேளுங்க. குட்டி வேண்டாம், ஜிம்மி மாதிரி வளர்ந்ததா பாருங்க."