அந்தச் சாவி எங்கள் வீட்டில் இருக்கிறது

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் போதும், இங்கேயே வாழும் நம் தமிழ் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். துப்பாக்கி மொத்தத்தையும் பிடுங்கு என்று ஒரு கட்சி. அரசியல் சாசனம் கொடுத்த உரிமை, அதில் கை வைக்காதே என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளைச் சுட்டுக் கொன்றபோது என் மகளும் அவர்கள் வயதில் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஒரு கணக்கை இரண்டு கட்சியுமே பேசுவதில்லை. 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்! டிவியில் நாள் முழுக்க ஓடுகிற கூட்டக் கொலைகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.

சாக முடிவெடுத்தவரை யார் தடுக்க முடியும் என்று உடனே கேட்பார்கள். தடுக்க முடியும். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரம்தான், சிலருக்குச் சில நிமிடம்தான். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியை எடுத்தவருக்குத்தான் அந்தப் பின்னாளே அநேகமாகக் கிடைப்பதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் இருந்தவர், மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கி உரிமை என்றால் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார். வேலியோரம் நின்று நாங்கள் எத்தனையோ நாள் வாதம் செய்திருக்கிறோம். போன வருடம் அவர் மனைவி தவறிப்போனார். மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினார். சவரம் செய்யாத முகம். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. ஆரஞ்சு நூலில் கட்டிய ஒரு பித்தளைச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். துப்பாக்கிப் பெட்டியின் சாவி. "கொஞ்ச நாள் இது உங்கள் வீட்டில் இருக்கட்டும். ராத்திரியில் எனக்கு என்னை நம்ப முடியவில்லை" என்றார்.

அவருடைய உரிமையை யாரும் பறிக்கவில்லை. அவரே அதைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்தார்.

சட்டம் செய்ய வேண்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் சொன்னது. அப்புறம் என்ன தயக்கம்? கலிஃபோர்னியாவில் பணம் கட்டினாலும் 10 நாள் கழித்துத்தான் துப்பாக்கி கைக்கு வரும். பல மாநிலங்களில் வாங்குபவரின் குற்றப் பின்னணிச் சோதனை முடிந்த கையோடு, அன்றைக்கே எடுத்துப் போகலாம். நியூ ஹாம்ப்ஷயரில் 2009இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிப் போய் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொது சுகாதாரத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, வாங்க வருகிறவரிடம் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது விற்க மறுக்க வேண்டும் என்று எழுதிக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். எந்தக் கட்சி என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று. உங்கள் நண்பர் யாராவது வேலை போயோ, விவாகரத்திலோ இடிந்து போயிருந்தால், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இருந்தால், கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைக்கலாமா என்றும் கேளுங்கள். இங்கே தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

பெரியவர் இப்போது காலையில் நடக்கப் போகிறார். என்னைப் பார்த்தால் கையசைக்கிறார், பழையபடி வாதத்துக்கும் வருகிறார். சாவியை மட்டும் இன்னும் கேட்கவில்லை. சமையலறை அலமாரிக்குள் ஆணியில் தொங்குகிறது.