விண்வெளிக் கட்டளையகத்தின் முதல் தளபதி ரேமண்டா?

"அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம் 2019இல்தான் பிறந்தது; அதன் முதல் தளபதி ஜான் ரேமண்ட்; விண்வெளிப் படை என்பதும் அதுவே" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. மூன்றுமே தவறு.

இக்கட்டளையகம் 1985 செப்டம்பரில், அதிபர் ரீகன் காலத்திலேயே தொடங்கப்பட்டது. முதல் தளபதி ராபர்ட் ஹெரஸ். 1998 முதல் 2000 வரை அப்பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் மையர்ஸ், பின்னர் முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவரானார். 2002இல் இது கலைக்கப்பட்டு, பணிகள் அணு ஆயுதப் படைகளைக் கவனிக்கும் வியூகக் கட்டளையகத்திடம் சென்றன. 2019 ஆகஸ்ட் 29 அன்று நடந்தது மறுபிறப்பு. ரேமண்ட் அதன் முதல் தளபதி என்பது அந்த அளவில் மட்டுமே சரி.

குழப்பத்துக்கு ஒரு வகையில் அவரே காரணம், பாவம். 2019 டிசம்பர் 20 அன்று உருவான விண்வெளிப் படைக்கும் அவரே முதல் தலைவர். சில மாதங்கள் இரண்டு பதவிகளையும் சேர்த்தே வகித்தார். ஆனால் இரண்டும் வேறு வேறு. விண்வெளிப் படை என்பது வீரர்களைத் திரட்டிப் பயிற்சி அளிக்கும் அமைப்பு. கட்டளையகம் எல்லாப் படைப் பிரிவினரையும் கொண்டு நடவடிக்கைகளை நடத்தும். 2020 ஆகஸ்டில் ரேமண்டிடமிருந்து கட்டளையகத் தளபதிப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் டிக்கின்சன் தரைப்படைக்காரர். விண்வெளிப் படையைச் சேர்ந்த ஸ்டீபன் வைட்டிங் 2024 ஜனவரியில்தான் அப்பொறுப்புக்கு வந்தார்.