டிஎன் நம்பரோடு புகுந்த வீட்டுக்குப் போகக் கூடாதா?

பொள்ளாச்சிப் பெண்ணைக் கேரளப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுப்பது எங்கள் பக்கம் காலங்காலமாக நடப்பதுதான். கடையில், பஸ்ஸில், கோயிலில் அங்கேயும் தமிழ் காதில் விழும். ஆனால் அவள் தன் ஸ்கூட்டரையும் கூடக் கொண்டுபோனால், வருஷம் திரும்பியதும் சட்டம் வாசலில் வந்து நிற்கிறது. என் தங்கை இப்போது அந்த இழவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் புது நம்பர் வாங்கியே ஆகணும். இல்லையென்றால் அபராதம். இதன் வேர் 1939ஆம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. அப்போது கேரளம் என்ற மாநிலமே கிடையாது, அது 1956 நவம்பரில்தான் உருவானது. பதிவு என்றால் ஏதோ ஒரு ஆபீஸ் அலமாரியில் கிடக்கும் நோட்டு. அன்றைக்கு அந்த விதி தேவைப்பட்டிருக்கும், சரி. இன்றைக்கு நம்பரைத் தட்டினால் அரசின் வாகன் இணையதளத்தில் வண்டியின் விவரம் வந்து விழுகிறது. அப்புறம் எதற்கு இன்னொரு நம்பர்?

முதலில் பழைய ஆர்டிஓ ஆபீஸில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்கணும். அதற்குப் படிவம் 28. சேஸிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து அதில் ஒட்டணும். கிரீஸும் சேறும் அப்பிய இடுக்கில் இருந்தது அந்த எண். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மாப்பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு தேய்த்தெடுத்தார். "ரெண்டு எழுத்து சரியா விழலைங்க" என்று கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். அதே எண் அவர்கள் கம்ப்யூட்டரில் முழுசாக இருக்கிறது! 30 நாளுக்குள் மறுக்காவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே கொள்ளணும் என்று பிரிவு 48 சொல்கிறது. அதைச் சொன்னால், "பேப்பர் இல்லாம அந்த ஊர்ல எடுத்துக்கமாட்டாங்க" என்கிறார்கள். பிறகு அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வயிற்றெரிச்சல் வரியில்தான். வாங்கும்போதே ஆயுள் வரி கட்டியாச்சு. இப்போது கேரளாவிலும் கட்டணும். கட்டிய ரசீதோடு திரும்பி வந்து, இங்கே மீதியைக் கொடுங்கள் என்று மனுப் போட்டுக் காத்துக் கிடக்கணும்.

10 ரூபாய்க்கு மேல் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்லும் 1878ஆம் வருடச் சட்டத்தை வாட்ஸ்அப்பில் போட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். அதனால் இன்று யார் வீட்டில் என்ன நஷ்டம்? மாப்பிள்ளையை நாள்கூலியை விட்டுவிட்டு அலைய வைப்பது பிரிவு 47. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

மாற்ற முடியாததும் இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் எல்லையில் வாளையாற்றில் வணிகவரிச் சோதனைச்சாவடியையே எடுத்தார்கள். 2021இல் பிஎச் (பாரத்) வரிசை நம்பர் கொண்டுவந்தார்கள். அந்த நம்பரோடு எந்த மாநிலத்துக்குப் போனாலும் மறுபதிவு வேண்டாம். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்துக்கும், நாலு மாநிலத்திலாவது ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் மட்டும்தானாம். வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லை வழியாகத் தினமும் போய்வரும் தறிக்காரர், கொத்தனார், கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் கணக்கிலேயே இல்லையா?

பிஎச் நம்பரை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். வரி பாக்கியை இரண்டு அரசும் நேராகத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். நடுவில் எங்களை எதற்கு நடக்க விடுகிறீர்கள்?