தூங்கினால் தெளியாது
அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களில் நடக்கும் மரணங்களுக்கு 'அளவுமீறிய குடி'தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. அது பாதிக் காரணம்தான். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பீட்டா தீட்டா பை என்ற ஃபிரட்டர்னிட்டியின் வீட்டில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவருக்கு 82 நிமிடங்களில் 18 முறை மது கொடுத்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சமாளிப்பது சுமார் ஒரு கோப்பை மதுதான். அவர் படிக்கட்டில் விழுந்தார். மண்டையோடும் மண்ணீரலும் சேதம். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. இடையில், மல்லாந்துவிடாமலிருக்க முதுகில் புத்தகப் பையை மாட்டினார்கள். மண்டை உடைந்தவருக்குப் பை எதற்கு?

கடைசி மடக்குக்குப் பிறகும் வயிற்றில் கிடப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 'தூங்கட்டும்' என்று விட்ட பிறகு நிலைமை முற்றுகிறது. தட்டியும் எழாவிட்டால், நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் கீழே போனால், இரு மூச்சுகளுக்கிடையே 10 வினாடி தாண்டினால், உடல் சில்லிட்டால் உடனே அழைக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆள் கூடவே இருக்கட்டும். இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காபி, பச்சைத்தண்ணீர்க் குளியல் எல்லாம் வீண்.

மாட்டிக்கொள்வோம் என்ற பயத்துக்காகவே பென்சில்வேனியாவின் 2018 சட்டம் உதவிக்கு அழைப்பவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. ஆனால் அழைத்துவிட்டு நழுவினால் கிடையாது. உதவி வரும்வரை பாதிக்கப்பட்டவருடன் இருக்க வேண்டும்.