டெய்லர் தாத்தா பத்தி சொல்லணும்

கன்னியாகுமரி மாவட்டத்துல நம்ம தடிக்காரன்கோணம் டெய்லர் தாத்தா போன வாரம் தவறிட்டாரு, 88 வயசு. கீரிப்பாறை பக்கம் உள்ளவங்களுக்கு அவரத் தெரியாம இருக்காது, நம்ம பள்ளிக்கூட யூனிபார்ம் முக்காவாசி அவரு மிஷின்ல தச்சதுதான். அடக்கத்துக்கு வந்தவங்க வாயில எல்லாம் ஒரே பேச்சு, படுக்கையில கிடந்த பொண்டாட்டிய பதினாலு வருஷம் பாத்தாரே, இப்படி ஒரு புருஷன் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்னு. எனக்கு அந்த பேச்சு பிடிக்கல.

ரெண்டு பேரும் இலங்கையில அட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துல, அதாவது கூலிக்காரங்களுக்கு வரிசையா கட்டி விட்ட வீட்டுல, பிறந்தவங்க. 1948-ல அந்த நாடு சட்டம் போட்டு மலையகத் தமிழங்க குடியுரிமைய பறிச்சுது, அப்புறம் 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் அந்த நாட்டு பிரதமர் சிறிமாவோவும் டெல்லியில ஒப்பந்தம் போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயே, மிச்சம் உள்ளவங்கள பிறகு பாத்துக்கலாம்னு. கொழுந்து பறிச்ச சனங்கிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. தாத்தாவுக்கு இந்தியான்னு ஆச்சு. பாட்டியோட அம்மாவும் தம்பிமாரும் அங்க பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாங்க, பாட்டி மட்டும் தாத்தா கூட தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறினாங்க. ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அங்கிருந்து இங்க ரப்பர் தோட்டம். பெத்த அம்மாவ அதுக்கப்புறம் அவங்க பாக்கவே இல்ல.

தாத்தா கொண்டு வந்தது ஒரு சிங்கர் மிஷினோட தலை மட்டும்தான், ஸ்டாண்ட தூக்கிட்டு வர முடியல. கடை போட்டு நாலு பேரு தேடி வர்ற வரைக்கும் வீடு ஓடினது பாட்டி கூலியில. வெயில் ஏறினா பால் நின்னுரும்னு விடியுறதுக்கு முன்னாடியே ரப்பர் மரத்துல பால்வெட்டுக்குப் போவாங்க, வீட்டுக்கு வந்தா ஒட்டுப்பால், அதான் மரத்துல காஞ்சு ஒட்டுற ரப்பர் பால், நாத்தம் கையவிட்டு போகாது. மழை பிடிச்சா வெட்டு கிடையாது, அந்த மாசங்கள்ல தாத்தா ராத்திரி ஒருமணி வரைக்கும் மிதிப்பாரு. 1984-ல அரசு ரப்பர் கழகம் வந்த பிறகுதான் கொஞ்சம் நிமிந்தாங்க.

பாட்டிக்கு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துச்சு. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு கொண்டு வந்த பிறகுதான் கஷ்டமே, ஜாக்கெட் போட கையத் தூக்கணும், தொட்டாலே வலியில கத்துவாங்க. தாத்தா உக்காந்து யோசிச்சு புதுசா ஒண்ணு வெட்டினாரு, கழுத்துல இருந்து கைநுனி வரைக்கும் முழுசா திறந்து, நாடா வச்சு கட்டுற மாதிரி. முதுகுப் பக்கம் ஒரு தையல்கூட வராது, ஒரே துணி, ஏன்னா தையல் மடிப்பு அமுங்கினா அங்கதான் படுக்கைப் புண் வருதாம். ஹூக் உறுத்தும்னு அதுவும் கிடையாது. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைக்கணும்னு நர்ஸ் சொல்லிக் குடுத்தத ராத்திரியும் விடாம செஞ்சாரு, அதனால கடையவே வீட்டுத் திண்ணைக்கு மாத்திட்டாரு. விஷயம் தெரிஞ்சு எங்கெங்கயோ இருந்து ஆளுங்க வந்து தச்சு வாங்கிட்டுப் போனாங்க, இதுக்கு மட்டும் கூலி வாங்க மாட்டாரு.

அந்த நாள்ல "பொம்பள வேல செய்யாரு"ன்னு சாயாக்கடையில இருந்து சிரிச்சவங்களும் அடக்கத்துக்கு வந்திருந்தாங்க. நான் ஒருக்க அவருகிட்டயே நீங்க பெரிய மனசு தாத்தான்னு சொன்னேன். "மக்களே, அவ பெத்தவள விட்டுட்டு என்னை நம்பி கப்பல் ஏறினா, அத விட நான் என்ன செஞ்சிட்டேன்"னாரு.

குடுத்து வச்சிருக்கணும்னு சொன்னா என்னமோ பாட்டி ஜாதகத்துல எழுதி இருந்துச்சுங்குற மாதிரி ஆயிடுது. அவரு கத்துக்கிட்டு செஞ்சாரு, அதுவும் எழுபது வயசு தாண்டி, குளிப்பாட்ட, தலை பின்ன, கஞ்சிய பைய ஊட்ட, எல்லாம். நம்ம ஊர்ல மாமியாரையும் மாமனாரையும் இதே மாதிரி வருஷக்கணக்கா பாக்குற பொம்பளைங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காங்க, அவங்கள யாரும் தெய்வம்னு சொல்றது இல்ல, புருஷன்மாரு பக்கத்துல வந்து ஒரு கை பிடிக்கிறதும் இல்ல. தாத்தாவ புகழுற ஆம்பளைங்க இன்னைக்கே வீட்டுக்குப் போய் அந்த வேலையில பாதிய வாங்கிச் செய்யுங்க, தெரியலன்னா கேட்டுப் படிங்க.

அந்த ஜாக்கெட்டுக்கு தாத்தா வெட்டி வச்ச பேப்பர் அளவு அவரு மக வீட்டுல இருக்கு, கேட்டு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், குடுக்கச் சொல்லிட்டாங்க. யார் வீட்டுலயாவது படுக்கையில ஆள் இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, அனுப்புறேன். எந்த டெய்லரும் தச்சிருவாங்க. பழைய பருத்தி வேட்டி இருந்தா அதுவே நல்லது, புதுத்துணின்னா கஞ்சி போற வரைக்கும் நல்லா அலசிட்டு வெட்டச் சொல்லுங்க.