அந்த 6 நிமிடம் எங்கே போனது?

போன வெள்ளிக்கிழமை பிரேசிலியன் ஜூ-ஜிட்சு வகுப்பின் கடைசி ரோல், அதாவது இருவர் தரையில் கட்டிப் புரண்டு மோதும் பயிற்சிச் சுற்று. மணி அடித்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துப் பயிற்சியாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டைமரைக் காட்டினார். 6 நிமிடமும் முடிந்திருந்தது. எனக்கு இரண்டு நிமிடம் ஆன மாதிரிகூட இல்லை. எத்தனை தடவை டேப் அடித்தேன் (தோற்றேன், விடு என்று கையால் தட்டுவது) என்று கேட்டால் இரண்டா, மூன்றா, சரியாகச் சொல்ல வரவில்லை.

நாலு வருடமாக இதைப் பழகுகிறேன். வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்று ஏறும் வரிசையில் இன்னும் நீல பெல்ட்தான். இப்படித் தன்னை மறந்து ஓடிய ரோல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதை ஃப்ளோ என்கிறார்கள். எப்படி வரவழைப்பது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "யோசிக்காதே, மனசைக் காலியா வை." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. 90 கிலோ ஆள் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும்போது மனதைக் காலியாக வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஃப்ளோ என்ற பெயரைக் கொடுத்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர். பாறை ஏறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் என்று பலரிடம் பேசி, 1970களில் இதை எழுத ஆரம்பித்தார். அவர் சொன்னதில் மூன்று விஷயம் முக்கியம். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். சவாலும் திறமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது விஷயத்தில் ஜூ-ஜிட்சுவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் அகட்டினால், அது தப்பு என்று அடுத்த நொடியே தோள்பட்டை சொல்லிவிடும். சிக்கல் மூன்றாவதில். சவால் என்பது பாறை மாதிரி அசையாமல் இருப்பதில்லை. எதிரே ஓர் ஆளாக உட்கார்ந்திருக்கிறது. சேர்ந்து ஒரு வாரம் ஆனவரோடு உருண்டால் எனக்குச் சலிப்பு. பழுப்பு பெல்ட்டோடு உருண்டால் உயிர் பிழைப்பதே பெரிய விஷயம். இரண்டிலும் ஃப்ளோ எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால் கொஞ்ச நாளாக ஆளுக்குத் தகுந்தபடி ஆட்டத்தைச் சின்னதாக்கிக்கொள்கிறேன். புதியவர் என்றால் என் முதுகை அவரிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்து தப்பிப்பது மட்டும்தான் வேலை. கறுப்பு பெல்ட் என்றால் ஒரு நிமிடம் என் கார்டை, அதாவது கால்களால் அவரைத் தடுத்து வைக்கும் நிலையை, தாண்ட விடக்கூடாது, அவ்வளவுதான். தாண்டிவிட்டால் டேப் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பம். புள்ளிக் கணக்கை மண்டையிலிருந்து எடுத்துவிட்டேன். கார்டைத் தாண்டினால் 3, மேலே ஏறி உட்காரும் மவுண்டுக்கு 4, கீழிருந்து ஆளைப் புரட்டும் ஸ்வீப்புக்கு 2 என்று உள்ளே ஒருவர் ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்தால் எங்கிருந்து தன்னை மறப்பது? போட்டிக்கு அது வேண்டும்தான். தினசரி ரோலுக்கு வேண்டாம்.

"ஃப்ளோ ரோல் போலாமா?" என்று கேட்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பாதி வேகத்தில், பிடியை இறுக்காமல் மாறி மாறி நகரும் பயிற்சி. நல்ல பயிற்சிதான். ஆனால் பெயரில் இருக்கும் ஃப்ளோ அதில் தானாக வந்துவிடாது. பாதிப் பேர் அதை "நீங்க முதல்ல", "இல்லை, நீங்க முதல்ல" என்று மரியாதை பரிமாறும் இடமாக்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் மெதுவாகப் போகலாம் என்று சொல்லிவிட்டு, முதல் நிமிடம் முடிவதற்குள் கழுத்தில் தொங்குகிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் டேப். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆர்ம்பாரில், அதாவது முழங்கையை நீட்டி மடக்கும் பிடியில், மாட்டினேன். அவர் நிதானமாகத்தான் இழுத்தார். என்னைவிடப் பிறகு சேர்ந்தவர் என்பதால் எனக்கு டேப் அடிக்க மனசு வரவில்லை. முழங்கை போய், இரண்டு மாதம் பயிற்சி மெத்தைக்கு வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தப்பு முழுக்க என்னுடையது. திரும்பி வந்தபிறகு சீக்கிரம் டேப் அடிக்கப் பழகினேன். ஆச்சரியம் என்னவென்றால், எனக்கு ரோலில் முதல்முறை ஃப்ளோ வந்ததே அதற்கப்புறம்தான். தோற்றுவிடுவோமோ, கை உடைந்துவிடுமோ என்று ஒரு கண் காவல் இருக்கும்வரை உடம்பு இளகுவதே இல்லை.

யோசித்தால், இந்தக் கலையே டேப் அடித்தால் விட்டுவிடும் அந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. ஜப்பானில் 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, ஆளைச் சிதைக்கும் உத்திகளை ராண்டோரி என்ற மோதல் பயிற்சியிலிருந்து ஒதுக்கி வைத்தார். மிச்சம் இருந்ததை எதிராளி முழுப் பலத்தோடு எதிர்க்க எதிர்க்கப் பழக முடிந்தது. அந்த ராண்டோரி முறையில் வளர்ந்த மிட்சுயோ மயேதா 1914இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அங்கே கிரேசி குடும்பத்தின் கையில் அது இன்றைய ஜூ-ஜிட்சு ஆனது. முழு வேகத்தில் மோதிவிட்டு நாளைக்கும் வேலைக்குப் போக முடிகிறது என்றால், தட்டினால் விட்டுவிடுவார் என்ற நம்பிக்கைதான் காரணம். எதிரே இருப்பவர் மேல் அந்த நம்பிக்கை இல்லாத நாளில் மூச்சுப் பயிற்சி, தியானம், எது செய்தாலும் எனக்கு ஃப்ளோ வந்ததில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று என்னோடு உருண்டவர் ஊதா பெல்ட், என்னைவிடப் பத்து வயது சின்னவர். உடை மாற்றும்போது, "செம ரோல் இல்ல? நேரம் போனதே தெரியல" என்றேன். அவர் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "உங்க இடது பக்கம் முழுக்கத் திறந்து கிடக்குண்ணா. அந்தப் பக்கம் போனா உடனே முடிஞ்சிரும்னு வலது பக்கமே சுத்திட்டு இருந்தேன்."

அடுத்த வகுப்பில் இடது பக்கம்தான் வருவாராம்.