கைதட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்

ஞாயிற்றுக்கிழமை நம் சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் நடந்த அந்தப் பேச்சு இந்நேரம் எல்லார் வாட்ஸ்ஆப்புக்கும் வந்திருக்கும். "குடியை விடுறதுக்கு மருந்து எதுக்கு? இன்னிக்கே பாட்டிலைத் தூக்கி எறி. மனசு வெச்சா முடியும்." பேசியவரை விட, கைதட்டிய கூட்டம்தான் என்னை அதிகம் வருத்துகிறது.

பல வருடம் தினமும் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மது மூளையை மந்தப்படுத்தும். அதை ஈடுகட்ட மூளை தன் பரபரப்பைக் கூட்டியே வைத்திருக்கும். மது நின்றதும் அந்தப் பரபரப்பை அடக்க ஆளில்லை. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து காய்ச்சல், குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றுவது. வீட்டில் இதைத்தான் "நடிக்கிறான்", "காத்து கருப்பு" என்கிறார்கள்.

மருத்துவமனையில் அந்தப் பரபரப்பை அடக்கும் டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போகும். சாப்பாடில்லாமல் குடித்தே கிடந்தவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்துவிடும். கண் ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் திரும்பாமலே போகலாம். இதையெல்லாம் மனசு வைத்துச் சரிசெய்ய முடியுமா?

குடியை நோய் என்பது நேற்று வந்த பேச்சும் இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784-லேயே எழுதினார். பிரிட்டனில் மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804-இல் இதை மனதின் நோய் என்றார். 1849-இல் சுவீடன் மருத்துவர் மக்னஸ் ஹஸ் 'ஆல்கஹாலிசம்' என்று பெயர் வைத்தார். 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் நோய் என ஏற்றது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின்படி, ஒரே வருடத்தில் 11 அறிகுறிகளில் 2 இருந்தாலே கவனிக்க வேண்டிய நிலை. 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிரம். குடிகாரன், குடிக்காதவன் என்ற இரண்டே பெட்டி எப்போதோ போய்விட்டது. நம் மேடைகளில் மட்டும் போகவில்லை.

"அப்போ பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கும் நோய்னு சொல்லி விட்டுடலாமா?" என்று கேட்பீர்கள். அடிப்பது குற்றம், போலீசைக் கூப்பிடுங்கள். நோய் என்றால் மன்னிப்பு என்று யார் சொன்னது? "எங்க மாமா ஒரே நாள்ல விட்டாரே" என்பவர்களுக்கு: நல்லது, சந்தோஷம். எல்லார் உடம்பும் உங்கள் மாமா உடம்பு இல்லை.

இந்த மேடைப் பேச்சைக் கேட்டு நொந்துபோகும் அக்காமார்கள்தான் கடைசியில் குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். கலக்கவே கூடாது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு, அவருக்குத் தெரிந்தே கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் இருக்கிறது, வழக்கமாக நாளுக்கு 50 மில்லிகிராம். கோடீன், டிரமடால் போன்ற வலி மருந்து எடுப்பவருக்கு அது ஆகாது. மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

2013-இல் இங்கே லிட்டில் இந்தியா பகுதியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, குடிக்கிறார்கள் என்று நம் ஆட்கள் மேல் எவ்வளவு பேச்சு விழுந்தது! 2015-இல் சட்டம் வந்தது, இரவு 10.30-க்கு மேல் கடையில் விற்கக் கூடாது, பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தெருவுக்கு அது சரி. 10.30-க்கு முன்பே வாங்கி வைத்து, விடியற்காலை நடுக்கத்தை அடக்கக் குடிப்பவருக்கு அது என்ன செய்யும்? வெளியார் பேசியது போதாதென்று நாமும் மேடை போட்டு அவரைக் கேவலப்படுத்துகிறோம். பிறகு அவர் எப்படி வாய் திறந்து உதவி கேட்பார்?

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கோ மனநலக் கழகத்துக்கோ கூட்டிப் போங்கள். தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மருத்துவர்கள் பார்க்கும்வரை பாட்டிலை நீங்களாகப் பிடுங்கிக் கொட்டாதீர்கள்.